மூன்றாவது ஓலையும் கடலடிக் கல்லும்

உபதேசியார் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும் நேரம். பாஸ்கா திருநாள் கழிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கோவில் ஜன்னல் வழியாக வேப்பம்பூ வாசனை வந்துகொண்டிருந்தது.

"நமது பங்கைச் சேர்ந்த அந்தோணிசாமி, ரீத்தம்மாள் ஆகியோரின் மகள் செலின் மேரி..."

என் பெண்ணின் பெயரை மைக்கில் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனேன். அதற்குள் அடுத்த வரி வந்தது.

"...கதிரியக்கத்தைக் கொண்டு கடலடிக் கற்களுக்கு வயது காணும் ஆராய்ச்சி செய்பவர்..."

இது எங்கிருந்து வந்தது? ஓலையில் அப்பா பேர், அம்மா பேர், பங்கின் பேர், இவ்வளவுதானே இருக்கும்? ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பீடத்தையே பார்த்தபடி சுரூபம் மாதிரி உட்கார்ந்திருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. உடனே எனக்கு விளங்கிவிட்டது. இது அவர் வேலைதான்.

"இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும். இது முதல் ஓலை."

மூன்று ஞாயிறு

எங்கள் சபையில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணம் என்றால், பெண் பங்கிலும் மாப்பிள்ளை பங்கிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். மூன்று ஓலையும் தடையில்லாமல் வாசித்து முடிந்தால்தான் கோவிலில் கல்யாண மந்திரிப்பு. அந்த மூன்று வாரமும் பெண்ணைப் பெற்றவள் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏங்க, யாரைக் கேட்டு ஓலையில அதைச் சேத்தீங்க?"

"யாரைக் கேக்கணும்? போன மாசம் அந்த வில்லியம் மவனுக்கு ஓலை வாசிச்சப்ப, 'மைன்ஸ்ல பர்மனென்ட்'னு சேத்து வாசிக்கலயா? பர்மனென்ட்டைச் சொல்லலாம், எம் பொண்ணு படிப்பைச் சொல்லக் கூடாதா?"

"நமக்குச் சரிங்க. மாப்பிள்ளை ஊருக்கும் இதேதானே போயிருக்கும்?"

"போவட்டுமே. ஊரே கேக்கட்டும்!"

ஊரே கேட்டது. அதுதான் வினையாய்ப் போனது.

மாப்பிள்ளை ஜான் கம்மாபுரம் பக்கத்துப் பையன். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்பா இல்லை. அம்மா லூர்துமேரி தனி ஆளாக நின்று, கழனியில் பாடுபட்டு, நாலு பிள்ளைகளை வளர்த்தவர். ஜான்தான் கடைசி. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அந்த அம்மா எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லா வூடும் ஒரே மாதிரி இருக்குதே, ராத்திரியில வூடு மாறிப் போயிட மாட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கேக் கணக்கு

செலின் என்ன வேலை செய்கிறாள் என்று எனக்கே புரிய ரொம்ப நாளானது. நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் அவளைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவளும் சலிக்காமல் சொல்லுவாள்.

நடுக்கடலில், வெளிச்சமே எட்டாத ஆழத்தில், தரை பிளந்த இடங்களில் கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு வருமாம். உள்ளே இருக்கிற செம்பு, துத்தநாகம் எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். வெளியே குளிர்ந்த கடல்தண்ணீரைத் தொட்டதும் எல்லாம் அப்படியே படிந்து, புகைக்கூண்டு மாதிரி எழும்பி நிற்குமாம்.

என் வீட்டுக்காரருக்கு இது சட்டென்று புரிந்தது. இவர் வேலை சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். எங்கள் சுரங்கத்துக்கு அடியிலும் தண்ணீர் முட்டிக்கொண்டுதான் இருக்கும். ஷிப்டு மாற்றி ஷிப்டு இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். "அதாவது நம்ம தண்ணிதான், கொதிக்குது" என்றார். எனக்கோ, வெந்நீர் வைக்கிற ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படியுமே, அதுதான் ஞாபகம் வந்தது. "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றாள் செலின்.

அந்தப் படிவில் பாரைட் என்று ஒரு வெள்ளைப் படிகம் உண்டு. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்குமாம். அது உண்டாகும்போதே ரேடியம் என்ற பொருள் துளித்துளியாக அதற்குள் மாட்டிக்கொள்ளும். மாட்டிய நாளிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர் விட்டு அழிந்துகொண்டே வரும். இப்போது மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், கல் பிறந்து எவ்வளவு காலம் என்று சொல்லிவிடலாம்.

"புரியுது. மெழுகுவத்தி மாதிரி. மிச்சத்தைப் பாத்து எவ்ளோ நேரம் எரிஞ்சதுன்னு சொல்றோமே" என்றேன்.

"இல்லம்மா. மெழுகுவத்தி ஒரே சீரா எரியும். இது இருக்கிறதுல பாதி போகும். அப்புறம் மிச்சத்துல பாதி. அப்புறம் அதுல பாதி. ஒவ்வொரு பாதிக்கும் கிட்டத்தட்ட ஆயிரத்தறுநூறு வருஷம்."

நான் யோசித்தேன். பிறகு சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் கேக் குறைவது அப்படித்தான். இவருக்குச் சர்க்கரை வியாதி. கேக்கைத் தொடக் கூடாது. ஆனால் அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் இருக்கிறதில் பாதியை வெட்டுவார். கேட்டால், "முழுசாவா எடுத்தேன்? பாதிதானே?" என்பார். ஜனவரியில் வரும் திருக்காட்சித் திருநாள் வரைக்கும் டப்பாவில் ஒரு துணுக்கு இருந்துகொண்டே இருக்கும்.

"அதேதாம்மா!" என்று செலின் கை தட்டினாள். "டப்பாவைத் திறந்து பாத்து, அப்பா எத்தனை தடவை அலமாரிப் பக்கம் போனாருன்னு நீ சொல்லுவ இல்ல, அதுதான் என் வேலை."

"எதுக்குடி கல்லுக்கு வயசு?"

"ஊத்து எப்ப ஆரம்பிச்சுது, எத்தனை காலம் ஓடிச்சு, நின்னுபோச்சா, உலோகம் சேர எத்தனை காலம் ஆகும், எல்லாம் அதை வச்சுத்தான் சொல்ல முடியும்."

ஒரு ஆராய்ச்சிக் கப்பல் அள்ளிக்கொண்டு வந்ததில் அவள் பங்குக்குக் கிடைத்தது விரல் நீளத் துண்டு ஒன்றே ஒன்று. அதைத்தான் பொடித்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, காற்றுப் புகாமல் அடைத்து வைத்திருந்தாள். ரேடியத்திலிருந்து ஒரு வாயு கசியுமாம். அது வெளியே போகாமல் உள்ளேயே தங்கிக் கணக்கு நிலைப்பட மூன்று வாரம் ஆகும். அதற்கு முன் அளந்தால் தப்பாக வரும். அவள் டப்பாவை மூடியது முதல் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஆண்டவர் எதை எதோடு கோத்து வைக்கிறார் பாருங்கள் என்று நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"புள்ள பொறக்குமா?"

இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். அதற்கு அடுத்த நாள் ஜான் போன் செய்தான். குரலே சரியில்லை.

"அத்தை, அம்மா பங்குச் சாமியாரைப் பாத்து மூணாவது ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க."

அங்கே நடந்தது இதுதான். முதல் ஓலையிலேயே அந்த ஊர் உபதேசியார், நீளமாக இருக்கிறதே என்று, என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததைச் சுருக்கி, "அணு ஆராய்ச்சி செய்பவர்" என்று வாசித்துவிட்டார். தண்ணீர்க் குழாயடியில் அது இரண்டே நாளில் அணு உலையாகிவிட்டது. அணு உலையில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கர்ப்பம் தங்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீ என்னப்பா சொல்ற?" என்று கேட்டேன்.

"எனக்குப் பயம் இல்ல அத்தை. செலின் எல்லாம் சொல்லியிருக்கா. ஆனா அம்மாவைத் தாண்டி ஓலை வாசிங்கன்னு என்னால சொல்ல முடியாது. நீங்க தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்ததுதான். அவள் இந்தப் படிப்பில் சேர்ந்த புதிதில், வேளாங்கண்ணி மாதாவிடம் நான் அழுது வேண்டியதெல்லாம் அதைத்தான். இன்னொரு தாய் வாய்விட்டுக் கேட்டாள் என்பதற்காக நான் எப்படிக் கோபப்படுவது?

செலின் மெட்ராசிலிருந்து லீவு போட்டு வந்தாள். மறுநாள் காலையிலேயே ஜானின் பைக்கில் லூர்துமேரியம்மா வந்து இறங்கினார். காப்பியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் பெண்ணை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"சுத்தி வளைக்கத் தெரியாது எனக்கு. உனக்குப் புள்ள பொறக்குமா?"

என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். செலின் கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"அதை ஆண்டவர்தான் சொல்லணும் அத்தை. ஆனா என் வேலையால பொறக்காமப் போகாது."

"அப்ப வேலையை வுட்டுடு. நாளைக்கே ஓலை வாசிக்கச் சொல்றேன்."

"மூணு வருஷமா அந்தக் கல்லுக்காகக் காத்திருக்கேன் அத்தை. இன்னும் கொஞ்ச நாள்ல அளக்கணும். அதை விட்டுட்டு வர மாட்டேன்."

ஜான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"அந்தக் கதிரு எங்க பக்கமெல்லாம் கெடையாதும்மா. சுத்தமான மண்ணு அது" என்றார் லூர்துமேரியம்மா.

"உங்க மண்ணுலயும் இருக்குங்க அத்தை. எல்லா மண்ணுலயும் கொஞ்சம் இருக்கும்."

லூர்துமேரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னா சொன்ன? ஏற்கெனவே சுரங்கத்துக்கு நெலம் போவுமோ போவாதோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்கிறோம். இப்ப மண்ணுல அணு இருக்குதுன்னு நீ வேற ஒரு பேர வெக்கிறியா?"

"நான் சொன்னா நம்ப வேணாம். உங்க கழனி மண்ணை ஒரு டப்பாவுல எடுத்துட்டு வாங்க. காய வச்சு, சலிச்சு. நான் அளக்கப் போற அதே மெஷின்ல உங்க கண்ணு முன்னாடி வைக்கிறேன்."

"வர மாட்டேன்னு நெனச்சியா? வருவேன்!"

காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் என்னிடம் மட்டும் மெல்லக் கேட்டார். "மெட்ராசுக்கு எந்த பஸ்ஸுங்க?"

கழனி மண்

மூன்றாவது ஞாயிறு ஓலை இல்லாமலே போனது. எங்கள் கோவிலிலும் வாசிக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன ரீத்தம்மா?" என்றார்கள். "வாசிப்பாங்க, வாசிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் அந்த அம்மாவும் விடியற்காலைப் பஸ் பிடித்தோம். இவருக்கு ஷிப்டு. ஜானுக்குப் பள்ளிக்கூடம். பஸ்ஸில் ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமலே போனோம். திண்டிவனம் தாண்டியதும் எனக்குப் பசித்தது. மடியில் இருந்த டிபன் டப்பாவைத் திறந்தேன். உள்ளே செம்மண்.

"அது என்னுது!" என்றார் லூர்துமேரியம்மா. என் எலுமிச்சைச் சோறு அவர் மடியில் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா. முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு என்னாலும் அடக்க முடியவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சோற்றை இரண்டு பேரும் பாதிப்பாதியாகச் சாப்பிட்டோம்.

செலின் வேலை செய்யும் இடத்தில், மெஷின் இருக்கும் அறை குளுகுளுவென்று இருந்தது. ஈயக் கட்டிகளை அடுக்கிப் பெரிய அடுப்பு மாதிரி கட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து கதிர் உள்ளே போய்க் கணக்கைக் கெடுக்காமல் இருக்க அந்த ஈயமாம். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அந்த மெஷினுக்கு முறை போட்டுக் காத்திருக்கிறார்கள். செலினுடைய முறை அன்று மதியம் தொடங்குகிறது. அதில் முதல் சில மணி நேரத்தை இந்த மண்ணுக்குக் கொடுக்கத் தன் பேராசிரியையிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தாள்.

தன் டப்பாவை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா. அடியில் சாம்பல் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி.

"இவ்ளோண்டா?" என்றார் லூர்துமேரியம்மா.

"இவ்ளோண்டுதான் அத்தை. எடைக்கு எடை பாத்தா உங்க மண்ணைவிட இதுலதான் அதிகம். அதை நான் மறைக்கல. ஆனா இருக்கிறதே இவ்ளோதான்."

மண்ணை உள்ளே வைத்து ஈயக் கதவைச் சாத்தினாள். "மூணு வாரம் மூடி வைக்காம இதுக்குச் சரியான அளவு வராது. ஆனா இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டரில் கீழே புல் மாதிரி ஒரு கோடு. நேரம் ஆக ஆக, அந்தப் புல்லில் அங்கங்கே கதிர் முளைக்கிற மாதிரி சின்னச் சின்னக் கூர் எழும்பியது. நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். என்ன வரவேண்டும் என்று மன்றாடுவது? இருக்கக் கூடாது என்றா, இருக்க வேண்டும் என்றா? தெரியவில்லை. உமது சித்தம் என்று மட்டும் சொன்னேன்.

"இது பொட்டாசியம்" என்று ஒரு கூரைத் தொட்டாள் செலின். "வாழைப்பழத்துலயும் இருக்கு, நம்ம உடம்புலயும் இருக்கு. இது தோரியம் வழி. இதோ, இந்தச் சின்னது இருக்கே, இது ரேடியம் வழி. என் கல்லுல இருக்கிற அதேதான் அத்தை."

லூர்துமேரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எத்தினி நாளா இருக்குது?"

"மண்ணு உண்டானதுலேர்ந்து. குறையக் குறைய மண்ணுல இருக்கிற யுரேனியம் புதுசா விட்டுக்கிட்டே இருக்கும்."

"எங்க மாமியா காலத்துலயும்?"

"அவங்களுக்கு முன்னாடியும்."

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் வரப்போகிறது, மண்ணுக்குப் பேர் வைத்தாய் என்று எழுந்து போகப் போகிறார் என்றுதான் பயந்தேன்.

"அந்த மண்ணுல வெளைஞ்ச நெல்லத் தின்னுக்கினுதான் எங்க மாமியா ஒம்போது பெத்தாங்க" என்றார் மெதுவாக. "நடவு நட்ட கையோட வந்து நான் நாலு பெத்தேன். நாலும் கல்லாட்டம் இருக்குது."

நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என் மண்ண எடுத்துக் குடு" என்று எழுந்தார். "ஏம்மா நிக்கிற? உன் கல்ல வையி. நேரம் போவுது பாரு."

செலின் ஈயக் கதவைத் திறந்து மண் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி மூடி, ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடலடிக் கல் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் அவர் ஜானுக்குப் போன் செய்தார். பஸ் முழுக்கக் கேட்கிற குரல். "டேய், சாமியாருகிட்ட போயி ஞாயித்துக்கெழம வாசிக்கச் சொல்லு. ஆமாண்டா, மூணாவதுதான். பின்ன என்னா, நாலாவதா வாசிப்பாங்க?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுவதை அவர் பார்க்கக் கூடாது என்றுதான். பார்த்துவிட்டார் போலிருக்கிறது. தோளில் ஒரு இடி இடித்து, "தள்ளி ஒக்காருங்க சம்பந்தி" என்றார். அதுவரைக்கும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

புதன்கிழமை போன்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோவிலிலும் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் வரவில்லை. இவர் உபதேசியாருக்கு நன்றி சொல்லப் போனார். "இனிமே எதுவும் எழுதிக் குடுத்துடாதீங்கண்ணே" என்று அவர் கை கூப்பினாராம்.

புதன்கிழமை நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"சம்பந்தி, சேதி தெரியுமா?"

"என்னாச்சு?" என்று பதறினேன்.

"கல்லு வயசு தெரிஞ்சிபோச்சு. ஏசுநாதர் பொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னயாம். அவுரு கலிலேயாவுல நடந்துக்கினு இருந்தப்ப இது கடலுக்கடியில கொழந்தையா இருந்திருக்குது பாருங்களேன். ஆனா முன்ன பின்ன நூறு வருஷம் இருக்கலாமாம். அதுக்கு மேல நெறுத்துச் சொல்ல முடியாதாம். அதையும் சேத்துதான் சொல்லணும்னு சொல்லியிருக்குது பாப்பா."

"செலின் உங்ககிட்டயா சொன்னா?"

"பின்ன? கல்லுக்கு எடம் வுட்டவ நானு இல்ல?"

அவர் போனை வைத்த பிறகு, பக்கெட்டில் மிச்சம் இருந்த துணியைப் பிழிந்து உதறினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது. இந்தத் தடவை செலின். "அம்மா, ஒரு நல்ல சேதி!" என்று மூச்சு வாங்கினாள்.

"என்னடி, சொல்லு சொல்லு" என்று, எதுவும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டேன்.